ஜல்லி லாரிக்கு எதற்கு அந்த ஸ்பிரிங்?

விழுப்புரம் பட்டறையில் இன்று காலை நம் லாரி இன்ஜினின் தலைமேல், வால்வுகளை மூடியிருக்கும் டேப்பெட் மூடியைக் கழற்றினார்கள். எரிந்த ஆயிலும் டீசலும் கலந்த நெடி முகத்தில் அடித்ததும் உங்கள் சட்டைதான் ஞாபகம் வந்தது. எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாமல் என்னைப் பேஜாராக்கிய நெடி. இப்போது வீட்டில் எந்தத் துணியிலும் அது இல்லை. பட்டறையில் நின்று ஆசை தீர மூச்சிழுத்தேன், சொன்னால் சிரிப்பீர்கள்.

கிளீனர் வேலையை விட்டுப் போன பிறகு, இடப்பக்க சீட்டில் நானே ஏறிக்கொண்டேன் அல்லவா? பெருமுக்கல் பக்கம் ஜல்லி ஏற்றித் திண்டிவனம் வருவதற்குள் நமக்குள் எத்தனை சண்டை! அதிலும் அந்த ஸ்பிரிங் சண்டை. யாரோ சொன்னார்களென்று கம்பெனி வால்வு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அழுத்தம் கூடியதை வாங்கி மாட்டினீர்கள்.

"ஸ்பிரிங் ஸ்ட்ராங்கா இருந்தா வால்வு டைமுக்கு மூடும். எவ்ளோ மிதிச்சாலும் இன்ஜின் மூச்சு வாங்காம இழுக்கும் பாரு" என்றீர்கள்.

"ஜல்லி ஏத்திக்கினு எங்கங்க பறக்கப் போறோம்? கம்பெனி குடுத்ததே போதும்" என்றேன். கேட்டால்தானே!

ஸ்பிரிங்கை மாற்றினீர்கள், வால்வைத் தள்ளித் திறக்கிற புஷ் ராடை மாற்றவில்லை. புது ஸ்பிரிங்கின் அழுத்தம் தாங்காமல் பழைய ராடு வளைந்து, லோடோடு நடு ரோட்டில் நின்றோம். "இன்னாங்க, பறந்தாச்சா?" என்று கேட்டேன். முறைத்தீர்கள். அப்புறம் தடிமனான ராடும் போட்டீர்கள். ஏற்றத்தில் லோடு வண்டி முன்பு போலவேதான் ஊர்ந்தது. காலி வண்டியை விரட்டும்போது மட்டும் வேகம் ஏற ஏற இழுவை குறையாமல் போனது. அந்தக் கொஞ்ச நேரம் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வேறொரு டிரைவர் ஓட்டுகிறார். நல்ல மனுஷன், எதற்கும் சண்டைக்கு வருவதில்லை. "சரிக்கா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வீட்டில் அந்தப் பேச்சும் கிடையாது. சில நாள் என் குரலே எனக்கு யாருடையதோ போலிருக்கிறது.

இன்று பார்த்தால் ஒரு ஸ்பிரிங் உடைந்திருந்தது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "அக்கா, எல்லாத்தையும் கம்பெனி ஸ்பிரிங்காவே மாத்திடலாமா? ஜல்லி அடிக்கிற வண்டிக்கு அதுவே போதும்" என்றார்.

அப்படியே என் வார்த்தை. ஜெயித்துவிட்டேனுங்க. குதித்திருக்க வேண்டும், ஆனால் குதிக்கத் தோன்றவில்லை. கம்பெனி ஸ்பிரிங்கை மாட்டிவிட்டால் நம் சண்டை இன்றோடு முடிந்துபோகும். அதுவும் போய்விட்டால் உங்களிடம் பேச எனக்கு வேறென்ன இருக்கிறது?

"வேணாம்பா, அவரு போட்ட மாதிரியே வாங்கிப் போடு" என்றேன்.

மெக்கானிக் விடவில்லை. "இன்னாத்துக்குக்கா வீணா?"

"அதத்தாம்பா நானும் அவரக் கேட்டுக்கினே இருக்கேன்" என்றேன்.