அந்தப் பக்கத்துக் கடையில் அப்பா

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், அது அப்படியே இருக்கட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. இது அப்பாவைப் பற்றிய கடிதம். போனில் சொல்ல முடியவில்லை, நான் போனைக் கையில் எடுத்தாலே பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். இப்போது முன்னறையில் கண்ணயர்ந்திருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

சாமான் வாங்க எல்லை தாண்டிப் போகிற பஸ் உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது கூட்டம் இன்னும் அதிகம், இந்தப் பக்கம் எண்ணெய், சோப்பு, பால் பவுடர் எல்லாம் யானை விலை, அந்தப் பக்கம் போனால் பையை நிரப்பிக்கொண்டு வரலாம், துணியும் அப்படித்தான். பேக்கரிக்காரர் வீட்டம்மாவும் தவறாமல் வருகிறாள். போகும்போது ஒட்டடைக்குச்சி மாதிரி போவாள், வரி கட்டாமல் தப்பிக்க வாங்கின ஸ்வெட்டரையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வரும்போது பூசணிக்காய் மாதிரி வருவாள். சோதனைச் சாவடி அதிகாரிக்கும் தெரியும், "அக்கா, காலையில பார்த்ததுக்கு இப்போ நல்லா சதை போட்டிருக்கீங்களே" என்று சிரித்துவிட்டு விட்டுவிடுவார். அந்த பஸ்ஸில் உன் அப்பா ஒருவர்தான் யாரும் கேட்காமலே பையைத் திறந்து, "ஐயா, எண்ணெய் ரெண்டு டின், ஸ்வெட்டர் ஒண்ணு, போட்டிருக்கிற பனியனும் புதுசு" என்று ஒப்பிக்கிற ஆள். அதற்காக அவருக்கு அரிச்சந்திரன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "அரிச்சந்திரன் இறங்குறாரு, எல்லாரும் ஒரு தூக்கம் போடுங்க" என்பாள் பேக்கரிக்காரம்மா. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கொஞ்ச நாளாகவே அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. கதவைப் பூட்டிவிட்டு மறுபடியும் பூட்டப் போவார். ஒருநாள் காலையில் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, ரிட்டையர் ஆன ஞாபகமே இல்லாமல் தண்ணீர் பம்ப் நிலையத்துக்கு வேலைக்குப் போய்விட்டார், அங்கே இருக்கிற வாட்ச்மேன்தான் பேச்சுக் கொடுத்தபடியே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். வயதானால் மறதி வருவதுதானே என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் தெரிந்தால் அவரைப் பார்க்கிற பார்வை மாறிவிடும், அவ்வளவு தூரத்தில் இருக்கிற உன்னிடம் சொன்னால் உனக்குத் தூக்கம் போய்விடும், அதனால் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

போன தடவை அந்தப் பக்கத்துப் பெரிய துணிக்கடையில், ஆண்கள் சட்டை போட்டுப் பார்க்கிற அறைக்கு வெளியே பெஞ்சில் அவரை உட்கார வைத்து, பைகளையும் காலடியில் வைத்துவிட்டு, எனக்கு ஒரு நைட்டி பார்க்க மாடிக்குப் போனேன். திரும்பி வந்தால் பைகள் இருக்கின்றன, ஆளைக் காணோம். சட்டை அறைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன், உள்ளே இருந்தவர்கள் கோபப்பட்டார்கள். அந்த ஊர் பாஷையில் எனக்கு எவ்வளவு, குறைத்துக் கொடு, இந்த இரண்டும்தான் தெரியும், அதை வைத்துக்கொண்டு காணாமல் போன புருஷனை எப்படித் தேடுவது? என்னங்க, என்னங்க என்று கூப்பிட்டுக்கொண்டே கடையைச் சுற்றினேன். அப்புறம், கல்யாணமான நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத அவர் பெயரைச் சொல்லி நடுக்கடையில் கத்தினேன்.

பில் போடுகிற இடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் இருந்தார் கண்ணா. போட்டுப் பார்த்த சட்டையைக் கழற்ற மறந்து அதன் மேலேயே அடுத்ததைப் போட்டு, அதையும் மறந்து இன்னொன்றைப் போட்டு, இப்படி நான்கு சட்டையோடு தெருவுக்குப் போகப் பார்த்திருக்கிறார், வாசலில் திருட்டைக் காட்டுகிற மணி அடிக்க, காவலாளி பிடித்துவிட்டான். மேஜை மேல் நான்கு சட்டையும் விலைச்சீட்டோடு கிடந்தன, அவர் பனியனோடு நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் போலீசுக்குப் போன் செய்யப் போனைக் கையில் எடுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் அப்பா, "வந்துட்டியா, இவங்க என்னமோ சொல்றாங்க, என்னன்னு கேளு" என்றார். அவர் முகத்தில் பயமே இல்லை, நான் வந்ததால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற மாதிரி நின்றார்.

நான் மேனேஜரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன், அப்பாவின் தலையைக் காட்டிக் கையை விரித்துக் காட்டினேன், அவனுக்குப் புரியவில்லை. பில் போடுகிற பெண்ணுக்கு நம் பேச்சு கொஞ்சம் தெரியும். வேறு வழி இல்லை, அவளிடம் சொன்னேன். "இவரு திருடலம்மா. இவருக்கு ஞாபகம் போயிட்டே இருக்கு. போட்டிருக்கோம்கிறதையே மறந்துட்டாரு." இத்தனை நாள் எனக்கு நானே கூடச் சொல்லிக்கொள்ளாததை, முதல் தடவையாக, முன்பின் தெரியாதவர்களிடம், அவரை எதிரில் நிற்க வைத்துக்கொண்டு சொன்னேன். அந்தப் பெண் மெதுவான குரலில் மேனேஜருக்குச் சொன்னாள். அவன் போனை வைத்துவிட்டு, நாற்காலியில் கிடந்த அப்பாவின் சொந்தச் சட்டையை எடுத்து அவனே போட்டுவிட்டுப் பட்டனும் போட்டான். எனக்கு அவனைப் பார்க்கவே தோன்றவில்லை, அப்பா என்னைப் பார்த்த பார்வையைத்தான் தாங்க முடியவில்லை. தெருவுக்கு வந்ததும், "அவங்ககிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டார். சட்டை உங்களுக்குச் சின்னதாக இருக்கிறது என்று சொன்னேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டார்.

எங்களுக்காக பஸ் நின்றுகொண்டிருந்தது. பேக்கரிக்காரம்மா ஸ்வெட்டர் மூட்டையாக வியர்த்து வழிந்துகொண்டு ரோட்டில் இறங்கித் தேடிக்கொண்டிருந்தாள். பில் போட நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். சாவடியில் அப்பா முறை வந்தது. அதிகாரி எப்போதும் போலச் சிரித்துக்கொண்டே, "சொல்லுங்கய்யா, இன்னைக்கு என்னென்ன?" என்று கேட்டார். அப்பா பையைத் திறக்கவே இல்லை. இரண்டு கையையும் பை மேல் வைத்துக்கொண்டு, "ஐயா, நாலு சட்டை எடுத்துட்டேன். காசு குடுக்கல" என்றார். அதிகாரி பையைப் பார்த்தார், அதில் சட்டையே இல்லை, என்னைப் பார்த்தார், இல்லை என்று தலையை ஆட்டினேன். புரிந்துகொண்டார் போலிருக்கிறது, கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அப்போது பேக்கரிக்காரம்மா முன்னால் வந்து, போட்டிருந்த ஸ்வெட்டரைத் தலைவழியாக உருவி மேஜையில் போட்டாள். "நானும்தான் சார். இந்தாங்க, இன்னும் இருக்கு" என்று அடுத்ததையும் உருவினாள். யாரும் சிரிக்கவில்லை. அத்தனைக்கும் வரி கட்டிவிட்டு பஸ்ஸில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஊர் வரும்வரை ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கடை, பஸ், சாவடி எதுவும் இப்போது அவர் நினைவில் இல்லை. நினைவில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். காபி குடித்துக்கொண்டே இருப்பார், திடீரென்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் யாருதையாவது எடுத்துட்டேனா?" என்பார். இல்லைங்க என்பேன், சமாதானமாகிவிடுவார், பிறகு மறுபடியும் கேட்பார். எல்லாவற்றையும் கொண்டுபோகிற மறதி இதையும் கொண்டுபோயிருக்கக் கூடாதா என்று இருக்கிறது. இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம், ஆனாலும் பேச ஆள் இல்லை. எனக்கு ஒரு கவலை வந்தால் ராத்திரி சாப்பிட்ட பிறகு அவரிடம்தான் சொல்வேன், அவர் உம் கொட்டிக்கொண்டே கேட்பார், அதிலேயே பாதி பாரம் இறங்கிவிடும். இந்தக் கவலையை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

பெரிய ஆஸ்பத்திரியில் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள், பேக்கரிக்காரம்மா துணைக்கு வருகிறாள். இனி எங்களுக்கும் சேர்த்து அவளே அந்தப் பக்கத்தில் சாமான் வாங்கி வருகிறேன் என்கிறாள். உன்னை வா என்றும் எழுதவில்லை, வராதே என்றும் எழுதவில்லை, உன் வேலையையும் லீவையும் பார்த்து நீயே முடிவு செய். காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, பிள்ளைக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள், மருமகளிடம் இதைப் பக்குவமாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், நான் வேண்டிக்கொள்வது அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என்னைக் கேட்காதே, முதலில் அவரிடம் பேசு. எதையாவது எடுத்துவிட்டேனா என்று உன்னிடமும் கேட்பார். சிரிக்காதே, எதைப்பா என்று திருப்பியும் கேட்காதே. "நீங்க எடுக்கமாட்டீங்கப்பா" என்று அழுத்திச் சொல். நான் சொன்னால் பெண்டாட்டி பரிந்து பேசுகிறாள் என்று நினைக்கிறார். நீ சொன்னால் நம்புவார்.

உன் வரவு, உன் குரல் இரண்டையும் எதிர்பார்க்கிற,
அம்மா