மூச்சு எண்ணும் கருவி

பசுமலை,
9 ஜூன் 2024

அன்பு தீப்திக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்குகிறது. அதைக் கேட்டு நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய். கடிதமென்றால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம்.

ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறேன் என்றாயே, அது வேண்டாம். நுரையீரல் தழும்பேறி இறுகுகிறதுதான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு நிமிஷத்துக்கு இருபத்தைந்தைத் தாண்டினால் மட்டும் என்னை உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நானே எண்ணிப் பார்த்தேன். எண்ணத் தொடங்கியதுமே, போட்டோவுக்கு நிற்கிறவள் மாதிரி மூச்சு விறைத்துக்கொள்கிறது.

அதனால் கருவி செய்யப் போகிறேன். டெலிபோன் ஆபீஸில் ரிட்டயராகும்வரை சால்டரிங் பிடித்த கை இது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் கண்ணுச்சாமி கடையில் தெர்மிஸ்டர் வாங்கினேன். மிளகளவுதான், சூட்டை உணரும். முகக்கவசத்துக்குள் மூக்குக்கு நேரே வைத்தால், விடும் மூச்சில் சூடாகும், இழுக்கும் மூச்சில் ஆறும். எண்ணுவதைச் சின்ன போர்டு ஒன்று பார்த்துக்கொள்ளும்.

"இந்த வயசுல எதுக்குக்கா இம்புட்டுப் பாடு?" என்றார் கண்ணுச்சாமி.

"எம் மக படிச்சு முடிக்கணும் தம்பி" என்றேன்.

உன்
அம்மா அகிலாண்டம்

குவாஹாத்தி,
20 ஜூன் 2024

அம்மா,

ரெடிமேடாகவே கிடைக்கிறது, வாங்கி அனுப்பட்டுமா? வேண்டாம் என்றுதான் சொல்வாய்.

என் பயம் கருவியைப் பற்றியது இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் பரீட்சை முடியும்வரை "வெறும் காய்ச்சல்தான்" என்றாய். நான் வந்தபோது அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. இன்னொரு தடவை அதை என்னால் தாங்க முடியாது.

செய்ம்மா. ஆனால் அது காட்டுவதை அப்படியே எனக்குச் சொல்ல வேண்டும். மறைத்தாயென்று தெரிந்தால் அப்புறம் நீ சொல்லும் எதையும் நான் நம்பமாட்டேன்.

தீப்தி

பசுமலை,
2 ஜூலை 2024

தீப்திக்கு,

ரெடிமேட் வேண்டாம். என் கருவி ஃபேன் காற்றையும் மூச்சென்று எண்ணிக்கொண்டிருக்கிறது. கவசத்துக்கு உள்ளே இன்னொரு துணி தைத்துவிட்டு, மறுபடி பார்க்க வேண்டும்.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். பலமுறை படித்தேன். கருவி சரியாக ஓடட்டும், அப்புறம் எழுதுகிறேன்.

அம்மா

பசுமலை,
11 ஜூலை 2024

என் தங்கத்துக்கு,

முந்தாநாள் கருவி சரியாக ஓடியது. முப்பத்தொன்று என்று காட்டியது.

கருவியில்தான் கோளாறு என்று எல்லாவற்றையும் பிரித்து மறுபடி சால்டர் வைத்தேன். அதே எண். மாடி வீட்டு முருகம்மாளைக் கூப்பிட்டு, டிவி முன்னால் உட்காரவைத்து மாட்டிவிட்டேன். பதினாறு. அவள் நெஞ்சைப் பார்த்து நானும் எண்ணினேன். பதினாறேதான்.

"எனக்கு நல்லாத்தானக்கா இருக்கு? ஒங்களுக்கு எம்புட்டு?" என்றாள். நான் மாட்டிக் காட்டியதும் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டாள்.

இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்றார் டாக்டர். இனி வீட்டிலேயே ஆக்ஸிஜன் மிஷின் ஓட வேண்டும். நான் தனியாக இருக்கக்கூடாது.

இதை உனக்கு எழுதாமல் இருந்துவிடலாம் என்று நேற்று முழுக்கப் பேனாவை எடுக்கவில்லை. அப்பாவின் கட்டில் பக்கத்தில் நீ நின்ற நிலை கண்ணை விட்டுப் போகவில்லை. தபாலுக்குக் காத்திருக்க வேண்டாமென்று, முருகம்மாள் இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள்.

வா, தீப்தி. ஆனால் படிப்பை விட்டுவிட்டு வராதே. மிச்சத்தை மதுரையில் உட்கார்ந்து எழுதலாமா என்று உன் கைடிடம் கேள். அவர் முடியாது என்றால் நம்பரைக் கொடு, திணறித் திணறியாவது நானே பேசுகிறேன். முன்னறையைக் காலி பண்ணி மேஜை போட்டாயிற்று. அங்கே பிளக் பாயிண்ட் இரண்டு இருக்கிறது. ஒன்றில் என் மிஷின் ஓடட்டும், மற்றது உன் லேப்டாப்புக்கு.

அம்மா