கிரீஸ் படிந்த முதல் துணி

என் அண்ணா, சிவாஜிநகர் கடையில் உன் மிஷினில்தான் இன்னும் தைக்கிறேன். போன வாரம் பெரிய தப்பு செய்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஃபெமி என்று ஒருவன், இங்கே கல்லூரியில் படிக்கிற நைஜீரியாக்காரன், யோருபா இனத்தவன். அவர்கள் ஊர்த் திருவிழாவில் எகுன்குன் என்று ஒரு வேடம் கட்டுவார்களாம். இறந்துபோன முன்னோரே அந்த வேடத்தில் வீட்டைப் பார்க்க வருகிறார்களாம். முகத்துக்கு வலை, உடம்பு முழுக்கத் துணித் தொங்கல்கள். விரல்கூட வெளியே தெரியக்கூடாது. அதில் ஒரு தொங்கலைக் கொண்டுவந்து, காலமான தன் அப்பா பேரில் மேலே நம்ம ஊர்ப் பட்டு வைத்துத் தைக்கச் சொன்னான். மறுநாள் மாலை விமானம்.

தொங்கலின் ஓரத்தில் தைத்திருந்த சிவப்பு முக்கோணத் துண்டுகளைப் பிரித்தால், அடியில் இற்றுப்போன நீலத்துணி. "செத்தவங்க துணிய உள்ள வெச்சிக்கக் கூடாதுப்பா" என்று அண்ணி சொல்வாளே, அது ஞாபகம் வந்தது. பெரிய புத்திசாலி மாதிரி அதை உருவி வேஸ்ட் மூட்டையில் போட்டேன்.

காலையில் ஃபெமி தொங்கலைப் புரட்டிப் பார்த்தான். பதறிப்போனான்.

"அடியில இருந்தது எங்க?"

"கிழிசல். எடுத்துட்டேன்."

"அதுதான் இந்த வேஷத்தோட முதல் துணி. மேல சேர்க்கலாம், எதையும் எடுக்கக் கூடாது. எங்க அம்மாகிட்ட என்னன்னு சொல்வேன்?"

மூட்டையை, எண்ணெய் துடைக்க என்று, பக்கத்து மெக்கானிக் பாய் எடுத்துப் போயிருந்தார். இரண்டு பேரும் ஓடினோம்.

"என்னா ஏழுமலை, வேஸ்ட்தானே குடுத்தே?" என்றார் பாய், கையைத் துடைத்துக்கொண்டே. அவர் கையில் இருந்தது உன் கட்டம் போட்ட சட்டை அண்ணா. அண்ணி சொன்னாள் என்று உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நானே வேஸ்ட் மூட்டையில் போட்டது.

ஃபெமி மூட்டையைக் கொட்டித் தேடினான். இல்லை. கடைசியில் ஒரு ஸ்கூட்டருக்கு அடியில், ஒழுகும் எண்ணெய்க்கு விரித்துக் கிடந்தது நீலத்துணி. நெஞ்சோடு சேர்த்து எடுத்துக்கொண்டான்.

"அலசித் தரட்டுமா?"

"வேண்டாம். அப்படியே வெச்சுத் தைங்க."

மதியத்துக்குள் தைத்துக் கொடுத்தேன். அவன் போன பிறகு பாயிடம் போய் உன் சட்டையைத் திருப்பிக் கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிகிறதா? கோபமா?

உன் மகன் கல்யாணத்துக்கு நான் தைக்கிற கோட்டுக்கு அந்தச் சட்டைதான் உள்துணி. அண்ணி திட்டினால் திட்டட்டும். கறையைக் கழுவ மாட்டேன்.

உன் சட்டையைத் தூக்கிப் போட்டு, திரும்பக் கேட்டு வாங்கிய
உன் தம்பி ஏழுமலை