வெங்காயத்தில் ஏறாத சார்ஜ்

13.08.2010 வெள்ளி

நாட்டில் சண்டை முடிந்து ஒரு வருசமாகியும் எங்கள் தெருவுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. வெங்காயத்தை இளநீரில் ஊறவைத்து வயரைக் குத்தினால் போனுக்குச் சார்ஜ் ஏறும் என்று, கட்டாரில் வேலை செய்யும் இவர் இன்டர்நெட்டில் பார்த்துச் சொன்னார். மகளும் நானும் இரண்டு நாளாகக் குத்திக் குத்திப் பார்த்தோம். ஒரு கோடுகூட ஏறவில்லை. கடைசியில் ஜெனரேட்டர் உள்ள கடையில்தான் சார்ஜ் போட்டேன்.

இன்று நான் அழைத்ததும் இவர் முதலில் அதைத்தான் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மகள் போனைப் பிடுங்கி, "ஓம் அப்பா, முழுக்க ஏறிட்டு!" என்றாள். பிறகு என் காதில், "பாவம்மா, நமக்காகத்தானே தேடினவர்" என்றாள்.

"அப்ப றூமில இருக்கிற நம்மட பக்கத்து ஆக்கள் எல்லாருக்கும் சொல்லுறன், அவங்களும் வீட்ட சொல்லட்டும்!" அவருக்கு அவ்வளவு சந்தோசம்.

இன்றிரவு எங்கள் மாவட்டத்தில் வாகரையிலிருந்து கொக்கட்டிச்சோலை வரை எத்தனை வீட்டில் வெங்காயம் ஊறுகிறதோ.