சம்மதம் கேட்கப் போனவர்

மலை முகாம்
மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பாய், ஆனாலும் கேட்கிறேன்.

வந்து பத்து நாளாயிற்று. மலைவாசிகள் யாரும் என்னோடு பேசவில்லை. கம்பெனியின் மின்பாதை அவர்கள் காட்டு வழியாகப் போக வேண்டும். அதற்குச் சம்மதம் வாங்குவதுதான் என் வேலை. நேற்று அவர்களுடைய தலைவியம்மா மட்டும் வாய் திறந்தார்: "முன்னால வந்த ஆபீசரும் தங்கமானவர்தான், கையெழுத்து வாங்குற வரைக்கும்." எனக்குக் கொடுத்த மூன்று மாதம் போதாது, ஒரு வருஷம் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டேன். தகர ஷெட்டில் பேச்சுத்துணைக்கு அடுப்புதான்.

உன் கணவன்

வீடு
மார்ச் 19

என்னங்க,

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர், "சார் இல்லையாம்மா?" என்றார். "சார் ஊருக்கெல்லாம் உறவு, வீட்டுக்கு மட்டும் விருந்தாளி" என்றேன். ஒரு வருஷம் வேண்டும் என்று எழுதினீர்களே, என்னிடம் ஒரு வார்த்தை? போகட்டும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் ரேடியோவைப் போட்டுவிடுகிறேன். வீட்டில் யாராவது பேசினால் தேவலை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வாயாடி

மலை முகாம்
ஜனவரி 27

அன்புள்ள வாயாடிக்கு,

மூன்றாவது மின்கோபுரத்துக்குக் குறித்த இடத்தில்தான் அவர்கள் இறந்தவர்களைப் புதைத்திருக்கிறார்கள். கூட்டிப்போய் ஒவ்வொரு மேடாகக் காட்டினார்கள். எங்கள் வரைபடத்தில் அது வெறும் புதர். இன்ஜினீயர்களோடு ஆறு மாதம் மல்லுக்கட்டிப் பாதையை மாற்றினேன்.

நேற்றுக் கூட்டத்தில் சம்மதம் சொன்னார்கள். ஒரு நிபந்தனை: வேலை முடியும்வரை, இன்னும் இரண்டு வருஷம், நானே இங்கே இருக்க வேண்டும். தலையாட்டிவிட்டேன். உடனே தலைவியம்மா, "உங்க வீட்டம்மாவுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். கூட்டமே என்னைப் பார்த்தது.

இப்போது உன்னைக் கேட்கிறேன். வேண்டாம் என்றால் வந்துவிடுகிறேன்.

உன் கணவன்

வீடு
பிப்ரவரி 8

என்னங்க,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். தலையாட்டியது முதலில் வருகிறது, கேட்பது கடைசியில்.

வந்துவிடாதீர்கள். அந்த ஜனங்களுக்குக் கொடுத்த வாக்கை உதறிவிட்டு வருகிறவருக்கு என்னால் சோறு போட முடியாது. அதற்காகச் சரி என்றும் எழுத மாட்டேன். இத்தனை வருஷம் நான் சொன்ன 'சரி'யெல்லாம் சம்மதமில்லை, பழக்கதோஷம்.

எங்கள் பள்ளியின் கடலோரக் கிளைக்கு ஆள் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன். வீட்டுச் சாவி எதிர்வீட்டு மாமியிடம் இருக்கும். புது முகவரியை எழுதத் தோன்றும்போது எழுதுகிறேன்.

அந்த அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். என் சம்மதத்தை முதல்முதலாகக் கேட்டவர் அவர்தான்.