இனிமேல் இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளவும்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், எங்கள் இருவருக்கும் சேர்த்து இருக்கிற நான்கு முட்டிகளும் சௌக்கியம். அங்கே நீயும் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏதோ எழுத வேண்டுமே என்று எழுதவில்லை, நேற்றிலிருந்து எனக்கு அது நிச்சயமாகவே தெரியும், எப்படித் தெரியும் என்பதைப் பின்னால் சொல்கிறேன், அதற்குள் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, கதைப் புத்தகத்தையே பின்னாலிருந்து படிக்கிற ஆள் நீ. இங்கே மழை விட்டுவிட்டது. மழையில் கரண்ட் ஏறி இறங்கித் தெருவில் பாதி வீட்டு ஃபிரிட்ஜ் படுத்துவிட்டதால் எனக்குக் கை ஓயாத வேலை, கடை வாசலில் கதவு கழற்றிய ஃபிரிட்ஜெல்லாம் பல் டாக்டரிடம் வந்த மாதிரி வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நிற்கின்றன. உன் அம்மாவுக்கு பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது, என் மேல் வருகிற கோபம்தான் கட்டுக்குள் இல்லை. அதற்குக் காரணம் உனக்கே தெரியும்.

அன்றைக்குப் போனில் “என்னப்பா எழுதித் தொலைச்சீங்க, உங்க லெட்டர் வந்ததிலேருந்து அவ சரியா சாப்பிடல, நான் ஊருக்கு வரல, நீ மட்டும் போயிட்டு வான்னு சொல்றா” என்று நீ சத்தம் போட்டாயே, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நன்றி சொல்லித்தானே எழுதினேன் என்று சொல்வதற்குள் நீ ஒரு டிக்கெட்தான் போடப்போகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக அந்தப் பெண் நம் வீட்டுக்கு வர இருந்தாள், அதை நானே கெடுத்துவிட்டேனா என்று அன்று முழுவதும் ஒரு ஸ்க்ரூவைக்கூட நேராக முடுக்க முடியவில்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். நம் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை நமக்குத் தெரியாது, நடுவில் இங்கிலீஷ் ஒன்றுதான் பாலம், அந்தப் பாலத்தில் நீ வாட்ச்மேன் மாதிரி நின்றுகொண்டிருந்தாய். போனில் நான் மூச்சு விடாமல் ஒரு முழுக் கதையே பேசி முடிப்பேன், நீ அவள் பக்கம் திரும்பி இரண்டே வார்த்தை சொல்வாய், அவள் ஓகே என்பாள். நான் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு அவள் சிரிப்பாள் சிரிப்பாள் என்று காத்திருப்பேன். என் ஜோக்கெல்லாம் எங்கேடா போகின்றன? இத்தனை நாளில் தன் மாமனாரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் ஃபைன் என்பதுதான். அதனால்தான் உனக்குத் தெரியாமல் மருந்துக்கடை மாடியில் நடக்கிற சாயங்கால இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். டீச்சருக்கு உன் வயதுகூட இராது. வகுப்பில் எனக்குக் கூலிங் அங்கிள் என்று பெயர். அதுவரை எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்க ஃபிரிட்ஜ் வருகிற அட்டைப்பெட்டி மேல் அச்சடித்திருப்பதுதான், சாய்க்காதே, நனைக்காதே, கவனமாகக் கையாளு, இதை வைத்துக்கொண்டு ஒரு மருமகளிடம் எவ்வளவு நேரம் பேச முடியும் சொல்.

டீச்சர் ஆபீஸ் கடிதத்தை முதலில் நடத்தினார், வீட்டுக் கடிதம் அதற்கப்புறம்தான். ஆபீஸ் கடிதத்தில் உன் அப்பாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, புகார்க் கடிதத்துக்கு வகுப்பிலேயே நான்தான் முதல் மார்க். பொருள் என்று போட்டு அடியில் கோடு, மேற்படி விஷயமாக என்று ஆரம்பம், வளவளப்பு இல்லாமல் நடு, கடைசியில் ஒரு வாக்கியம். அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பக்கத்தில் டீச்சர் சிவப்பில் நட்சத்திரமே போட்டார். நாம் கடிதத்தை முடிக்கும்போது மற்றவை நேரில் என்று எழுதுவோமே, அதுபோல இங்கிலீஷ்காரர்கள் எந்தக் கடிதத்தையும் மரியாதையாக முடிக்கிற வழக்கம் இது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அந்தச் சமயம் பார்த்துத்தான் மருமகளின் பார்சல் வந்தது. முட்டிக்குப் போடுகிற கம்பளி உறை ஒரு ஜோடி, கடையில் வாங்கியதில்லை, அவளே பின்னியது, ஓரத்தில் ஒரு இடத்தில் பின்னல் விட்டுப் போய் மறுபடி பிடித்திருக்கிறாள், அந்த இடத்தை உன் அம்மாவுக்கு நான்கு தடவை காட்டிவிட்டேன். வீட்டுக் கடிதப் பாடம் வரும்வரை கை சும்மா இருக்குமா, தெரிந்த பாடத்தை வைத்து எழுதிவிட்டேன். பொருள், முட்டி உறை குறித்து. மேற்படி உறைகள் இரண்டும் வந்து சேர்ந்தன, பழுது ஏதும் இல்லை. இதுவரை சரிதானே? இதற்குக் கீழேதான் அந்த நட்சத்திர வாக்கியத்தை என் கையெழுத்திலேயே நல்ல கையெழுத்தாக எழுதினேன், இனிமேல் இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளவும். அதற்கு அடியில் கையெழுத்து, மரியாதைக்குக் குறைவு வரக்கூடாதென்று கடை முத்திரை வேறு.

உன் போன் வந்த மறுநாள் டீச்சரிடம் நகலை நீட்டினேன். படித்தார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. “அங்கிள், பொருளத் திருப்பி அனுப்பாததுதான் குறை” என்றார். அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் உட்காருகிற டாக்ஸி டிரைவர் வாங்கிப் பார்த்துவிட்டு “நல்லவேளை அண்ணே, நஷ்ட ஈடு கேக்காம விட்டீங்களே” என்றார். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அம்மா, “பொண்ணுக்கு நாலு நல்ல வார்த்த எழுதுங்கன்னா வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கீங்களே, உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல படிப்பு” என்று ஆரம்பித்தவள் இன்னும் முடிக்கவில்லை. நானும் சிரித்தேன். ஆனால் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. வேலை முடித்து வந்து, அலுப்போடு உட்கார்ந்து, விட்டுப்போன பின்னலைப் பிரித்துப் பிரித்துப் பின்னி அனுப்பியவளுக்கு, இனிமேல் அனுப்பாதே என்று முத்திரை குத்திப் பதில் போயிருக்கிறது. இது கேலியா கோபமா என்று அவள் யாரிடம் கேட்பாள்? உன்னிடம் கேட்டால் நீயே அங்கே கோபத்தில் நிற்கிறாய்.

உன்னைவிட்டு விளக்கம் சொல்லச் சொல்லலாமா என்று நினைத்தேன். வேண்டாம், நான் ஏதாவது சொன்னால் நீ அதை இரண்டு வார்த்தையாக்கிவிடுவாய். டீச்சரிடம் வீட்டுக் கடிதப் பாடத்தை எனக்கு மட்டும் முன்னாலேயே நடத்துங்கள் என்று கேட்டேன். “பாடமெல்லாம் ஒண்ணுமில்ல அங்கிள், அவங்க எதிர்ல உக்காந்திருக்காங்கன்னு நெனச்சுக்குங்க, என்ன சொல்வீங்களோ அத எழுதுங்க” என்றார். கடையில் என் எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் முட்டி உறை ஒன்றை வைத்துவிட்டு உட்கார்ந்தேன், வந்தவர்களெல்லாம் ஃபிரிட்ஜை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார்கள். மருமகளே, நான் ஃபிரிட்ஜ்காரன், அதனால் முதல் கடிதம் கொஞ்சம் அதிகமாகக் குளிர்ந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். ஜோடியில் ஒன்று என் வலது முட்டியில், ஒன்று உன் மாமியாரின் இடது முட்டியில், மாடி ஏறுகிற வேலை வந்தால் இரண்டும் யாருக்கு என்று வீட்டில் தினமும் சண்டை, எனவே இது கட்டாயம் மறுபடி நடக்க வேண்டும், இன்னொரு ஜோடி இல்லாமல் இந்தக் குடும்பம் நிலைக்காது என்று எழுதினேன். அதற்கப்புறம் சொல்ல நினைத்தது நிறைய, சொல் கிடைக்கவில்லை. கடிதக் கவர் மேல் பெரிய எழுத்தில், கவனமாகக் கையாளவும் என்று எழுதினேன், அதில் மட்டும் எழுத்துப்பிழை வராது, எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். டீச்சர் திருத்துவதற்குப் பென்சிலை எடுத்தார், படித்து முடித்துவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

நேற்று அவளுடைய பதில் வந்தது. பிரிக்கிற அவசரத்தில் கவரோடு கடிதத்தின் ஓரத்தையும் கிழித்துவிட்டேன் என்று உன் அம்மா உனக்குச் சொல்வாள், நம்பாதே. பிரித்தால் பொருள் என்று போட்டு அடியில் கோடு! இந்த வயசில் எனக்கு ஒரு ஆபீஸ் கடிதம். பொருள், இரண்டாவது ஜோடி குறித்து. மேற்படி ஜோடி பின்னப்பட்டு வருகிறது, அதைத் தபாலில் அனுப்ப இயலாது, நேரில் வந்து மாட்டிச் சரிபார்த்த பிறகே ஒப்படைக்கப்படும், இதைத் தங்கள் மகனிடம் இன்னும் தெரிவிக்கவில்லை, தெரிவிக்கும் பெருமை தங்களையே சேரும். கடைசியில் அந்த நட்சத்திர வாக்கியத்தை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு இடத்தில் மாற்றியிருக்கிறாள், இனிமேலும் இப்படியே நடக்கும்படி பார்த்துக்கொள்ளவும். கீழே என் கடை முத்திரை மாதிரியே ஒரு வட்டம் வரைந்து நடுவில் ஒரு முட்டி. நான் படித்துப் படித்து உன் அம்மாவுக்கு அர்த்தம் சொல்ல, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இவளுக்கு உங்க வாய் எங்கேருந்து வந்துச்சு” என்றாள். உனக்கு வரவில்லையே என்கிற குறை எனக்கு எப்போதும் உண்டு.

ஆகவே தம்பி, இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக இன்னொரு டிக்கெட் போடு, பக்கத்து சீட்டாகப் பார்த்துப் போடு. அப்பா எழுதிய கடிதத்தைக் காட்டு என்று அவளை நச்சரிக்காதே, அது மாமனார் மருமகள் விஷயம். இங்கே வந்த பிறகு நடுவில் நின்று மொழிபெயர்க்காதே, என் தப்பை நானே பேசிக்கொள்கிறேன், நீ பாட்டுக்குத் தூங்கு. அனுப்பிய போட்டோவில் உங்கள் ஃபிரிட்ஜ் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பின்னால் காற்றுப் போக ஒரு சாண் இடம் விடு என்று எத்தனை தடவை சொல்வது. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், ஒருவர் கோபமாக இருக்கும்போது மற்றவர் கோபப்படாதீர்கள், இருவரும் சிரித்த முகமாக நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். டிக்கெட் இரண்டு, மறந்துவிடாதே. மற்றவை நேரில் என்று இதுவரை எல்லாக் கடிதத்திலும் பழக்கத்துக்கு எழுதினேன், இந்தத் தடவை அர்த்தம் தெரிந்தே எழுதுகிறேன்.

மற்றவை நேரில்,
உன் அப்பா.

(முத்திரை போடவில்லை, கவனித்தாயா?)