உன் படத்தைக் காட்டிவிட்டேன்

அன்புள்ள ஷெர்லினுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மாத்திரையும் தவறவில்லை, நீயும் புனேயில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

என்னைப்போல எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்குத் துணையாகப் போய்வருகிறேன் அல்லவா, அதில் ஒரகடம் கம்பெனியில் லைனில் நிற்கிற பெண் ஒருத்தி, பெயர் வேண்டாம், யார் பெயரையும் வெளியே விடக்கூடாது என்பதுதான் எங்கள் வேலையில் முதல் விதி. புருஷனுக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். எச்.ஐ.வி. மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு எடுத்துப்போ என்று யோசனை சொன்னவள் நான்தான், என் புத்தியை என்ன சொல்ல. சத்து மாத்திரை தின்றால் குழந்தை கறுத்துவிடும் என்று அவள் அம்மா அதைக் குப்பையில் கொட்டிவிட்டாள். இவள் பயத்தில் வாயே திறக்காமல் நான்கு நாள் கழித்து எனக்குப் போன் செய்தாள்.

டாக்டரைப் பார்த்து வேறு மாத்திரை வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். இனியும் மறைத்தால் குழந்தைக்கே வந்துவிடும் என்றேன், எங்கம்மாவிடம் நீயே சொல்லிவிடுக்கா என்று அவளே கேட்டுக்கொண்டாள். சொன்னதும் அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள், நான் விளக்கியது எதுவும் காதில் ஏறவில்லை. "பொறக்கிற புள்ளைக்கு வராதுன்னு இன்னா நிச்சயம், நீ பாத்துகீறியா?" என்று கேட்டாள். என் நோயைச் சொல்லும் இடத்தில் உன்னைக் காட்டமாட்டேன் என்று நிச்சயதார்த்தத்துக்கு முன்பு நீ என்னிடம் வாங்கிய சத்தியத்தை அங்கேதான் மீறினேன். எனக்கும் இருக்கிறது என்று சொல்லிப் போனில் உன் படத்தைக் காட்டினேன். அந்தக் காலத்தில் வலி எடுத்த பிறகு ஒரே ஒரு மாத்திரைதான் கொடுத்தார்கள், ஒன்றரை வயதில் உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை நான் பட்டதை யாரும் படவேண்டாம், இப்போது நல்ல மருந்து வந்துவிட்டது என்றேன். அந்த அம்மாள் வெகுநேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "கறுப்பாத்தான் கீது, நல்லாத்தான் கீது" என்றாள். இப்போது சாயங்காலம் சீரியல் முடிந்ததும் அவளே மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறாளாம்.

உன் பெயரைச் சொல்லவில்லை, ஊரைச் சொல்லவில்லை. ஆனாலும் சத்தியம் சத்தியம்தான், எனக்கு மனது ஆறவில்லை. இனிமேல் காட்டாதே என்றால் காட்டமாட்டேன்.

தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு ஏ.சி.யில் உட்காராதே, ஞாயிறு பூசையை விடாதே, மாதா உன்னைக் கைவிடமாட்டாள். ஒன்று சொல்ல மறந்தேன், அந்தப் படத்தில் நீ உர்ரென்று இருக்கிறாய். உனக்குச் சம்மதம் என்றால், சிரித்த முகமாக ஒன்று எடுத்து அனுப்பு.

உன் அம்மா,
அமலா
சிங்கப்பெருமாள் கோவில்